குண்டெழுத்துத் தானம்

சிம்பாங் லீமா ரவுண்டபவுட்டில் வண்டிகள் நகராமல் நின்றபோதுதான் சந்திரகலா அந்தப் பேனரைப் பார்த்தாள். விளக்குக் கம்பத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ‘அமரர் ராதாகிருஷ்ணன் இல்லம்’ என்று எழுதி, கீழே இடப்பக்கம் போகச் சொல்லி ஓர் அம்புக்குறி. கிள்ளானில் யாராவது தவறிப்போனால் வெளியூர்க்காரர்கள் வழி தெரியாமல் சுற்றக்கூடாது என்று வீட்டார் இப்படிக் கம்பத்துக்குக் கம்பம் கட்டுவது வழக்கம்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எழுத்து அவளுடையது.

முதலில் நம்பவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். ‘கி’யின் கொக்கி வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து முனையில் உருண்டு நின்றது. ‘ர’வின் கால் கூராக இறங்காமல் குழந்தையின் குதிகால் போலக் கொழுத்திருந்தது. வேறு யாரும் அப்படி வரைய மாட்டார்கள். வரைவதற்கு யாருக்கும் பொறுமையும் கிடையாது, வேலை வெட்டி இல்லாத நேரமும் கிடையாது.

முனைகள் எல்லாம் உருண்டையாக, உடம்பு எல்லாம் தடியாக இருக்கும் எழுத்து ஆங்கிலத்தில் கடைக்குக் கடை கொட்டிக் கிடக்கிறது. பெட்டாலிங் ஜெயா பக்கம் போனால் குளிர்பானக் கடை, பல் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் பள்ளி எல்லாம் அந்தக் குண்டு எழுத்தில்தான் சிரிக்கும். தமிழில் அப்படி ஒன்று செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. தமிழ் எழுத்துக்கு வயிற்றுக்குள் வயிறு. கோட்டைத் தடியாக்கினால் உள்ளே இருக்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். ‘ண’வுக்கு மூன்று சுழி. மூன்றையும் திறந்து வைத்தால் எழுத்து லோரி நீளத்துக்குப் போகும், குறுக்கினால் கரிக்கட்டை ஆகிவிடும். புள்ளியைச் சின்னதாக வைத்தால் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும், பெரிதாக வைத்தால் பக்கத்து எழுத்தின் தலையில் இடிக்கும். இதோடெல்லாம் மல்லுக்கட்டி இரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். ‘ண’ மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

பேனரில் அந்த ‘ண’ கரிக்கட்டையாகத்தான் தொங்கியது. போதாக்குறைக்கு யாரோ அதைச் சுற்றி மஞ்சள் கோடு வேறு போட்டு ஊத வைத்திருந்தார்கள். நிழல் வேறு.

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அவள் தன் மைவி காரை நகர்த்தினாள். தெங்கு கிளானா சாலைக்குள் நுழைவதற்குள் டயர் கடையில் ஒன்று, டியூஷன் சென்டரில் ஒன்று, மூல நோய்க்கு நாட்டு வைத்தியம் என்று பஸ் ஸ்டாப்பில் ஒன்று பார்த்துவிட்டாள். ‘மூலம்’ என்ற சொல் அவள் எழுத்தில் கொழுகொழுவென்று கன்னத்தைக் கிள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாச்சம்மை ஆச்சியின் பலகாரக் கம்பெனி இந்த எழுத்தை முறுக்குப் பாக்கெட்டுக்கும் புதிதாகத் திறக்கும் கடைகளுக்கும் எடுத்துக்கொள்வதாக இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் ‘எழுத்து: சந்திரகலா’ என்று ஒரு வரி போடவும் ஆச்சி சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனைதான். அது வேறு எங்கேயும் தென்படக்கூடாது.

இந்த எழுத்து அவள் கணினியை விட்டு வெளியே போனது ஒரே ஒரு முறை. அக்கா மகள் வைஷ்ணவியின் சடங்குக்குப் பேனர் அடிக்க, அக்காள் கணவர் விஜயன் மாமாவிடம் கொடுத்திருந்தாள்.

விஜயன் பிரிண்டிங்கில் ஏர்கண்டிஷன் ஓடியும் மை வாடை மூக்கை அடைத்தது. அக்கா மாதவி கல்லாவில் உட்கார்ந்து பேனர் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடித்துக்கொண்டிருந்தாள். மாமா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, வெளியே வந்துகொண்டிருந்த ஒரு வேட்பாளரின் முகத்தைக் கழுத்துவரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா கலா. சாப்டியா?”

“மாமா, சிம்பாங் லீமாவுல ஒரு பேனர் பாத்தேன்.”

“ராதா அண்ணன் பேனரா? நாந்தான் அடிச்சேன். நல்லா வந்திருக்கு இல்ல?”

“அது என் எழுத்து.”

“தெரியும் லா. அதனாலதான் நல்லா வந்திருக்கு.”



“டயர் கடைக்கும் நீங்கதானா?”

“அது மேரு ரோட்டு விக்டர் அடிச்சது. பயலுக்கு எழுத்தை இழுத்து நீட்டலன்னா தூக்கம் வராது. சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.”

“விக்டருக்கு எப்படிக் கிடைச்சுது?”

“நம்ம பேனர்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன்ல.”

மாமா இதைச் சொன்ன விதத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்தேன் என்பது போலச் சொன்னார். தைப்பூசத்துக்கு முன்னால் சிலாங்கூர் முழுக்க பேனர் கடைக்காரர்கள் ராப்பகலாக அடித்துக்கொண்டிருந்தார்களாம். நல்ல குண்டு எழுத்து தமிழில் இல்லாமல், ஒல்லி எழுத்துக்கு அவுட்லைன் போட்டு ஊத வைத்துக்கொண்டிருந்தார்களாம். பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

“நம்ம வீட்டுப் புள்ள செஞ்சது, எடுத்துக்குங்கடான்னு போட்டேன். ஒரு பய விடாம கும்பிடு போட்டான். தண்ணீர்ப் பந்தல்ல அன்னதானம் செய்யறோம்ல, அந்த மாதிரி நெனச்சுக்க. இது எழுத்து தானம்.”

யார் வீட்டு அரிசி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. விஜயன் மாமாவை அந்த வீட்டில் யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. அப்பா இறந்தபோது கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அவர்தான் மொட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். கலாவைப் படிக்க வைத்ததும் அவர்தான். தங்கமான மனிதர். தங்கத்தைத் தூக்கித் தலையில் போட்டாலும் மண்டை உடையத்தான் செய்யும் என்பதை அவரிடம் யார் சொல்வது?

“உன் பேரையும் போட்டுத்தானே அனுப்பினாரு,” என்றாள் மாதவி. “நம்ம கலா செஞ்சதுன்னு. நான் பாத்தேன்.”

“கிள்ளான்ல எத்தனை கலா இருக்காங்க அக்கா?”

வேறு வழியில்லாமல் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னாள். ஆச்சியை, பாக்கெட்டை, நிபந்தனையை, வெள்ளிக்கிழமையை. சொல்லச் சொல்ல மாமாவின் முகம் வாடியது. பேனரில் இருந்த வேட்பாளர் மட்டும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள் மாதவி.

“கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்.”

“கண்ணு பட்டுடும்னு பயமா? சொந்த அக்கா கண்ணு?”

“அம்மா சொன்னதுதானே. முடியறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கக்கூடாதுன்னு.”

“அது ஊராளுங்களுக்கு. கூடப் பொறந்தவகிட்ட மறைச்சா இப்படித்தான் ஆகும். அவருக்குத் தெரிஞ்சிருந்தா போட்டிருப்பாரா? பாரு, மனுஷன் முகமே செத்துப் போச்சு.”

ஆக, ஐந்து நிமிஷத்தில் குற்றவாளி அவள் ஆகிவிட்டாள். எழுத்தும் போய், மாமாவின் மனசையும் நோகடித்த பழியும் வந்து சேர்ந்தது. மாதவி எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“கவலைப்படாத,” என்றார் மாமா தண்ணீரைக் குடித்துவிட்டு. “நான் போட்டதை நானே எடுக்கறேன்.”

கைப்பேசியை வாய்க்கருகே பிடித்துக் குரல் செய்தி அனுப்பினார். “மக்களே, போன மாசம் நான் அனுப்பின குண்டு ஃபான்ட் இருக்குல்ல, அதை யாரும் யூஸ் பண்ணாதீங்க. அழிச்சிடுங்க. அது ரொம்ப விலை உயர்ந்த ஃபான்ட். பெரிய கம்பெனி கேக்குது.”

சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

பதில்கள் கடகடவென்று வந்தன. காஜாங்கிலிருந்து ஒருவர், எந்த ஃபான்ட் அண்ணே, எனக்கு வரவே இல்லையே என்று கேட்டார். கேரி தீவிலிருந்து ஒருவர், அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அனுப்பிடுங்க பாஸ் என்றார். மேரு ரோட்டு விக்டர், இதோ அண்ணே சொன்ன ஃபான்ட் என்று ஃபைலைத் திரும்பவும் எல்லோருக்கும் போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடு.

“அவன் நல்ல எண்ணத்துலதான் போட்டிருப்பான்,” என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை அவள் கோமுட்டர் ரயிலில் போவதாக இருந்தாள். வாசலில் மாமா வேனோடு நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. நான் செஞ்ச தப்பு, நானே வந்து பேசறேன், நீ ஒண்ணும் பேசாத என்றார். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அன்று இரவே அக்கா போன் பண்ணி, நீ இன்னும் அவர் மேல கோவமாத்தான் இருக்கே என்பாள். ஏறி உட்கார்ந்தாள். கதவை இழுக்க வெளியே எட்டியபோதுதான் வேனின் பக்கவாட்டில் ‘விஜயன் பிரிண்டிங்’ என்று அவள் எழுத்தில், ஆளுயரத்துக்கு ஒட்டியிருப்பது தெரிந்தது.

“எப்ப மாமா இதை ஒட்டினீங்க?”

“சடங்கு முடிஞ்ச மறுநாளே. தூரத்திலிருந்தே தெரியுது.”

பிரிக்ஃபீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பூர்வ ஜென்மப் புண்ணியம். மாமா அதைத்தான் அள்ளி அள்ளிச் சேர்த்து வைத்திருந்தார் போல. ஆச்சியின் ஆபீஸ் மாடிக்கு நேர் கீழே, மெயின் ரோட்டைப் பார்த்து ஒரு இடம் காலியாக இருந்தது.

“கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம் மாமா.”

“இவ்வளவு நல்ல இடத்தை விட்டுட்டா? நீ வேற.”

நாச்சம்மை ஆச்சி ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். குரல் உயரவே உயராது. கணக்கும் மாவும் அவர் கையில், கம்ப்யூட்டரும் கடைகளும் மகன் லோகேஷ் கையில். மேசை மேல் ஒரு தட்டில் தேன்குழல் வைத்திருந்தார்கள். லோகேஷ் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரையும் உட்காரச் சொன்னான்.

மாமா தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் சந்திரகலா முந்திக்கொண்டாள். எழுத்து வெளியே போய்விட்டது, எப்படிப் போனது, இனிமேல் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியும்,” என்றார் ஆச்சி. “புதன்கிழமை கிள்ளானுக்கு ஒரு கேதத்துக்குப் போயிருந்தேன். பினாங்குல இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர். கம்பத்துக்குக் கம்பம் உன் எழுத்துதான்ம்மா எனக்கு வழி சொல்லுச்சு.”

சந்திரகலா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சி தொடர்ந்தார்.

“எனக்கு மட்டும் வேணும்னு கேட்டது கூட இருக்கட்டும். பேசித் தீத்துக்கலாம். ஆனா சாவு வீட்டுக்கு வழி காட்டின எழுத்துல நான் எப்படி முறுக்கு விக்கறது? தீபாவளிக்கு வாங்கிட்டுப் போறவங்க முதல்ல எதை நெனப்பாங்க?”

“ஆச்சி, கல்யாணத்துக்கும் அதே எழுத்துதான் ஓடுது,” என்றார் மாமா. “போன வாரம் காப்பார்ல ஒரு கல்யாணம். டியூஷன் சென்டர். அப்புறம் மூலத்துக்கு…”

“மாமா.”

“தம்பி, நீங்க உதவி பண்ணாதீங்க,” என்றார் ஆச்சி அதே குரலில்.

மாமா வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவரால் ரொம்ப நேரம் சும்மா இருக்க முடியாது.

“ராதா அண்ணன் மகதான் அந்த எழுத்து வேணும்னு கேட்டுச்சு,” என்றார் தேன்குழல் தட்டைப் பார்த்தபடி. “நான் எப்பவும் போடற ஒல்லி எழுத்துலதான் முதல்ல போட்டுக் காட்டினேன். அது ரொம்ப நேரம் பாத்துட்டு, இது அப்பா மாதிரியே இல்லியே அங்கிள்னு சொல்லுச்சு. அவரு நல்ல குண்டு. எப்பவும் சிரிச்ச முகம். கலா எழுத்தைப் போட்டுக் காட்டினேன். இதான்னு சொல்லி அங்கேயே உக்காந்து அழுதுருச்சு.”

லோகேஷ் திரையைப் பார்த்தான். ஆச்சி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சந்திரகலாவுக்குக் கோபம்தான் கூடியது. இதை அன்றைக்கே கடையில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கரிக்கட்டை ‘ண’வையாவது ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திக் கொடுத்திருப்பாள். முன்பின் தெரியாத ஒரு பெண் அந்த எழுத்தில் தன் அப்பாவைப் பார்த்து அழுதிருக்கிறாள், அதுவும் அரைகுறை வேலையில். இப்போது இந்த மனிதர் மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்.

“அந்தப் பொண்ணுக்கு அது சரி,” என்றார் ஆச்சி. “நான் தப்பு சொல்லல. எனக்குச் சரி வராது, அவ்வளவுதான்.”

“அம்மா, வேற மாதிரி மாத்திக் கேக்கலாமே,” என்றான் லோகேஷ். “குண்டாவே இருக்கட்டும். ஆனா பாத்தா அதுன்னு தெரியாத மாதிரி. முடியுமாக்கா?”

எல்லாருக்கும் இது சட்டை பட்டன் மாற்றுகிற வேலை. சந்திரகலா ஒரு தேன்குழலை எடுத்து உடைத்தாள். தின்பதற்காக இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வெளியே தடியாக, உருண்டையாக, நடுவே ஒரு துளை ஓடியது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடிக் கோட்டின் நடுவே எழுத்து முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால்? குழல் மாதிரி. பழைய எழுத்தோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அதை விட முக்கியம், எவனாவது அவுட்லைன் போட்டு ஊத வைத்தால் உள்கோடு அடைபட்டு அசிங்கமாகிவிடும். விக்டர் கை வைக்க முடியாது.

லோகேஷிடம் ஒரு தாள் வாங்கி ‘மு’ ஒன்று வரைந்து காட்டினாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாளைத் தூர நீட்டிப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

“இது நல்லாருக்கு. எல்லா எழுத்தும் இப்படி வருமா?”

“வரும். ஆனா முதல்லேருந்து போடணும். உள்ள கோடு ஓட இடம் வேணும்னா ஒவ்வொரு சுழியையும் திரும்பத் திறக்கணும்.” சொல்லும்போதே ‘ண’வின் மூன்று சுழியும் கண்முன் வந்து நின்றன. ‘ஞ’ இன்னும் மோசம்.

“தீபாவளிப் பாக்கெட்டுக்கு ஆகிடுமா?”

“ஆக்கிடறேன் ஆச்சி.”

“சரி. இதுவும் ஊருக்குப் போயிட்டா?”

ஆச்சி அவளைத்தான் கேட்டார். ஆனால் அறையில் இருந்த எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. மாமா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். திருநீறு பாதி போனது.

போகாது என்று சொல்லிவிடலாம். ஆனால் நாளைக்கே அக்கா வீட்டில் ஒரு காதுகுத்து வரும். ஒரு நாளுக்குத்தான் கலா, ஒரே பேனர்தான் என்பார் மாமா. அவர் முகத்தைப் பார்த்து அவளால் முடியாது என்று சொல்ல முடியாது. இந்த ஜென்மத்தில் முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இப்போது ஆச்சிக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது.

அவள் லோகேஷ் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, ஒப்பந்தத்துல ஒரு வரி சேக்கலாமா?”

“சொல்லுங்கக்கா.”

“இந்த எழுத்துருவை வடிவமைப்பாளர் தன் உறவினர் யாருக்கும் தரமாட்டார்.”

லோகேஷ் தட்டினான். “அவ்வளவுதானா?”

“குறிப்பாக அக்காள் கணவருக்கு.”

தட்டும் சத்தம் நின்றது. லோகேஷ் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். ஆச்சி, எழுது என்று தலையசைத்தார்.

“கல்யாணம், சடங்கு, காதுகுத்து, தைப்பூசம், எந்தக் காரணத்துக்காகவும்,” என்றாள் சந்திரகலா. மாமா இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. “தேர்தலையும் சேத்துக்குங்க. மீறினால் ஒப்பந்தம் செல்லாது.”

“அக்காள் கணவர்னு போட்டா போதுமா, இல்ல பேர் போடணுமா?”

“பேர் போடுங்க.”

“விஜயன்,” என்று லோகேஷ் தட்டினான்.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். கோபிக்கப்போகிறார், எழுந்து போகப்போகிறார், அக்கா இனி ஆறு மாசத்துக்குப் பேசமாட்டாள் என்று அவள் மனசுக்குள் எல்லாம் ஓடி முடிந்துவிட்டது.

“வெறும் விஜயன்னு போட்டா எப்படித் தம்பி?” என்றார் மாமா. “கிள்ளான்ல தடுக்கி விழுந்தா ஒரு விஜயன் மேலதான் விழணும். அப்பா பேரையும் போடு. பக்கிரிசாமி. இல்லன்னா யாரோன்னு நெனச்சுக்குவாங்க.”

லோகேஷ் அப்பா பெயரையும் போட்டான். மாமா திரையில் எட்டிப் பார்த்துச் சரி என்றார். அவருக்கு வலித்ததா, பெருமையாக இருந்ததா என்று சந்திரகலாவுக்குப் புரியவில்லை. இரண்டும் இருக்கும் போலிருந்தது. இந்த மனிதரோடு சண்டை போடுவது தண்ணீரைக் குத்துவது மாதிரி.

ஒப்பந்தம் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. ஆச்சி கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று லோகேஷ் சொன்னதும், மாமா யாரும் கேட்காமலே பேனாவை வாங்கித் தன் பெயருக்கு எதிராகத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தாளை மேசையில் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். பிறகு பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, தாளுக்கு நேராகத் தூக்கினார்.

“எதுக்கு மாமா?”

“சும்மா. உன் பேரு, என் பேரு, எங்கப்பா பேரு, மூணும் ஒரே பேப்பர்ல வந்திருக்கு. பயலுங்க பாக்கட்டும்னு…” அவள் வரைந்த ‘மு’ ஒப்பந்தத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதுவும் படத்துக்குள் வந்துவிடும்.

சந்திரகலா கையை நீட்டினாள்.

“போனைக் கொடுங்க மாமா.”

“ஒரே ஒரு போட்டோ.”

“கொடுங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. மாமா அவளைப் பார்த்தார். ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி தேன்குழல் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கைப்பேசி அவள் கைக்கு வந்தது. அவள் அதைக் கவிழ்த்துத் தன் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.